எழுதிய எண்ணும் எண்ணிய எண்ணும்: சுவாச நோயாளியை மதிப்பிட்டுப் பராமரிக்கும் முறை

வார்டில் உள்ள சார்ட்டுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், நாடித்துடிப்பு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும். இரத்த அழுத்தமும் அப்படியே. மூச்சு எண்ணிக்கைக்கான கட்டத்தில் மட்டும் 20, 20, 20 என்று ஒரே எண் அணிவகுத்து நிற்கும். நிமோனியாவோடு வந்தவருக்கும் 20, குடலிறக்க அறுவைக்காகச் சேர்ந்தவருக்கும் 20. அந்த எண்ணை யாரும் எண்ணவில்லை, எழுதிவிட்டார்கள். சுவாசக் கோளாறு உள்ளவரைப் பராமரிக்கும் செவிலியர் முதலில் கைவிட வேண்டிய பழக்கம் இதுதான் என்பதால், இந்த வழிகாட்டியையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இதைச் சிறு குறையாகக் கருதிவிட முடியாது. உடலில் ஆக்சிஜன் குறையத் தொடங்கும்போதும், இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும்போதும் முதலில் மாறுவது பெரும்பாலும் மூச்சின் வேகமே. இரத்த அழுத்தம் சரிவதும் ஆக்சிஜன் செறிவு வீழ்வதும் பல நேரங்களில் அதற்குப் பின்னர்தான் வெளிப்படும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-இல் திருத்தி வெளியிட்ட நியூஸ்-2 என்னும் முன்னெச்சரிக்கை அட்டவணையில், மூச்சு எண்ணிக்கை 25 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், 8 அல்லது அதற்குக் கீழ் இருந்தாலும், அந்த ஓர் அளவுக்கே உச்சமான 3 புள்ளிகள் தரப்படுகின்றன. 12 முதல் 20 வரை இருந்தால் பூஜ்யம். எண்ணாமல் 20 என்று எழுதும் கை, நோயாளியின் ஆபத்துக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறது.

எண்ணும் முறை

நோயாளி நடந்து வந்தவுடனோ, இருமி முடித்தவுடனோ, உறவினரோடு பேசிக்கொண்டிருக்கும்போதோ எண்ணக் கூடாது. சில நிமிடங்கள் ஓய்வாக இருந்த பிறகு, நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டே, கண்ணை மட்டும் நெஞ்சின்மேல் நிறுத்தி எண்ண வேண்டும். "மூச்சை எண்ணப் போகிறேன், சாதாரணமாக விடுங்கள்" என்று சொன்ன கணத்திலேயே யாருடைய மூச்சும் சாதாரணமாக இருப்பதில்லை. நெஞ்சு அசைவது கண்ணுக்குத் தெரியவில்லையென்றால், கையை மேல்வயிற்றின்மீது மெல்ல வைத்து எண்ணலாம். எண்ணுவது முழுமையாக 60 விநாடிகள் இருக்க வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குபவருக்கு ஒரு மூச்சு தவறினாலே கணக்கில் நான்கு குறைந்துவிடும். 24-க்கும் 20-க்கும் இடையில் இருப்பது அந்த ஒற்றை மூச்சுதான்.

ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. குழந்தைகளுக்கு வயதுக்கேற்ப இது மாறும்: உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற எண்களை எட்டினாலே அது வேகமான சுவாசம். குழந்தை அழும்போது எண்ணினால் எதுவும் தெரியாது. தாயின் மடியில் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கிவிட்டு எண்ண வேண்டும்.

எண்ணும் அந்த ஒரு நிமிடத்தில் கண்ணில் படுவது எண் மட்டுமல்ல. மூச்சு ஆழமாக இருக்கிறதா, மேலோட்டமாக இருக்கிறதா. உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதற்கு நீண்ட நேரம் பிடிக்கிறதா. மூச்சு படிப்படியாக ஆழமாகிப் பின் குறைந்து சில விநாடிகள் நின்று மீண்டும் தொடங்குகிறதா. இரத்தத்தில் அமிலம் ஏறிய சர்க்கரை நோயாளியிடம் காண்பதுபோல் நிற்காமல் ஆழமாகவும் வேகமாகவும் ஓடுகிறதா என்பதையெல்லாம் அதே நிமிடத்தில் பார்த்துக் குறித்துவிடலாம். ஆஸ்துமாவிலும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயான சி.ஓ.பி.டி-யிலும் வெளிமூச்சு நீளும் என்பதைப் படித்திருப்போம். எண்ணுபவர்தான் அதைக் காண்பார்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 34 என்றிருந்த எண் இரண்டு மணி நேரத்தில் 14 ஆகிவிட்டால் நிம்மதி அடைவதற்கு முன் நோயாளியை எழுப்பிப் பேச வையுங்கள். மருந்து வேலை செய்து, முகம் தெளிந்து, முழு வாக்கியமாகப் பேசினால் அது முன்னேற்றம். கண் சொருகி, கூப்பிட்டால் முனகி, மறுபடி தூங்கிப்போனால் அவர் களைத்துவிட்டார் என்று பொருள். தசைகள் ஓய்ந்து, கார்பன் டை ஆக்சைடு தேங்கத் தொடங்கியிருக்கிறது. அந்த 14, முந்தைய 34-ஐவிட ஆபத்தானது.

கேட்டறிய வேண்டியவை

மூச்சுத்திணறலோடு இருப்பவரிடம் நீளமாக வரலாறு கேட்பது கொடுமை. முதலில் ஆம், இல்லை என்று தலையசைக்கக்கூடிய கேள்விகளை மட்டும் கேட்டு, மற்றவற்றை உடன் வந்தவரிடமோ, நோயாளி சற்றுத் தேறிய பின்னரோ கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர் பேசும் விதமே ஒரு பரிசோதனை. ஒரே மூச்சில் ஒரு வாக்கியத்தை முடிக்கிறாரா, மூன்று சொற்களுக்கு ஒருமுறை நிறுத்துகிறாரா, ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறாரா என்பதைக் கவனித்து அப்படியே எழுத வேண்டும். "மூச்சுத்திணறல் உள்ளது" என்ற குறிப்பைவிட "ஒரே மூச்சில் இரண்டு சொற்கள்தான் பேச முடிகிறது" என்ற குறிப்பு, அடுத்த டியூட்டிக்கு வருபவருக்கு ஆயிரம் மடங்கு பயன்படும்.

மூச்சுத்திணறலுக்கு நாம் எழுதும் "டிஸ்ப்னியா" என்ற சொல்லை நோயாளிகள் சொல்வதில்லை. ஒருவர் மூச்சு வாங்குகிறது என்பார், மற்றவர் இளைக்கிறது என்பார், இன்னொருவர் நெஞ்சை அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது, காற்று பத்தவில்லை என்பார். இவை அனைத்தும் ஒன்றல்ல; அவர் சொன்ன சொல்லையே மேற்கோளாகக் குறித்துக்கொண்டு, எதைச் செய்யும்போது வருகிறது என்று கேட்க வேண்டும். படி ஏறும்போதா, சமதரையில் நடக்கும்போதா, உடை மாற்றும்போதேவா? படுத்தால் அதிகமாகிறதா, இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா? தலையணைக் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் இதயத்தின் பக்கம் நம்மைத் திருப்பும்.

இருமலைப் பொறுத்தவரை எத்தனை நாளாக, எந்த நேரத்தில், கோழையோடா வறட்டு இருமலா என்பவை முக்கியம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல் ஆகியவை சேர்ந்து வந்தால் காசநோய்ப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் சொல்வதோடு, பரிசோதனை முடிவு வரும் வரை காத்திராமல் அவரைக் காற்றோட்டமான தனி இடத்துக்கு மாற்றி, அவருக்கு முகக்கவசம் கொடுத்து, நாம் என்-95 அணிய வேண்டும். இது பரிசோதனையைவிட முன்னதாகச் செய்ய வேண்டிய வேலை.

கோழையைக் கேட்டு எழுதுவதோடு நில்லாமல் கப்பைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். துருப்பிடித்த இரும்பின் நிறம் நியுமோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் நிமோனியாவையும், இளஞ்சிவப்பு நுரை நுரையீரல் நீர்க்கோப்பையும், அழுகிய வாடை நுரையீரல் சீழ்க்கட்டியையும் சுட்டும். நாள்தோறும் கப் கப்பாகக் கோழை வருவது பெரும்பாலும் மூச்சுக்கிளைகள் விரிந்துபோனதன் அடையாளம். பரிசோதனைக்குக் கோழை எடுக்கும்போது, காலையில் எழுந்தவுடன், வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்துப் பின் அடி நெஞ்சிலிருந்து இருமித் துப்பச் சொல்ல வேண்டும். இதை விளக்காமல் கப்பை மட்டும் கையில் கொடுத்தால் ஆய்வகத்துக்குப் போவது உமிழ்நீர்தான்.

புகைப்பழக்கத்தைக் குறிக்கும்போது "உண்டு" என்று எழுதினால் போதாது. நாளுக்கு எத்தனை பாக்கெட் என்பதை எத்தனை ஆண்டுகள் என்பதால் பெருக்கினால் பாக்கெட்-ஆண்டு கிடைக்கும். 20 சிகரெட் ஒரு பாக்கெட். நாளுக்குப் பத்து வீதம் 30 ஆண்டுகள் புகைத்தவருக்கு 15 பாக்கெட்-ஆண்டுகள். விட்டுவிட்டேன் என்று சொல்பவரிடம் எப்போது விட்டார் என்றும் கேளுங்கள். "நேற்று" என்ற பதில் அரிதல்ல. பஞ்சாலை, கல்லுடைப்பு, சிமெண்ட், விறகடுப்புப் புகை ஆகியவற்றோடு கழித்த ஆண்டுகளையும் விட்டுவிடக் கூடாது.

பார்த்தல், தொடுதல், கேட்டல்

கட்டிலை நெருங்கும் முன்பே பாதி மதிப்பீடு முடிந்துவிடும். முன்பக்கம் சாய்ந்து, இரு கைகளையும் முழங்காலிலோ மேசையிலோ ஊன்றி உட்கார்ந்திருப்பவரை யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. தோளை நிலைநிறுத்திக் கழுத்துத் தசைகளையும் மூச்சுக்குப் பயன்படுத்த அவருடைய உடலே கண்டுபிடித்த வழி அது. அவரைப் பிடித்துப் படுக்க வைக்கக் கூடாது. மூக்குத் துளைகள் விரிகின்றனவா, கழுத்துத் தசைகள் விடைக்கின்றனவா, விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட சதை உள்வாங்குகிறதா, நெஞ்சின் இரு பக்கமும் சமமாக உயர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்திருக்கிறதா என்பதை நகத்தில் தேடுவதைவிட நாக்கின் அடியில் தேடுவது சரி. குளிரில் நகம் யாருக்கும் நீலமாகும், நாக்கு ஆகாது. கடுமையான இரத்தசோகை உள்ளவருக்கு ஆக்சிஜன் நன்றாகக் குறைந்திருந்தாலும் நீலம் தெரியாமல் போகலாம். விரல் நுனி பருத்திருக்கிறதா என்ற ஐயம் வந்தால், இரு கைகளின் ஒரே விரல்களை நகத்தோடு நகம் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இயல்பான விரல்களுக்கு நடுவே சிறிய வைர வடிவ இடைவெளியில் வெளிச்சம் தெரியும், பருத்த விரல்களில் அந்த இடைவெளி அடைந்துபோயிருக்கும்.

கழுத்தின் அடியில் ஒரு விரலை வைத்து மூச்சுக்குழாய் நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து விநாடி போதும். அது ஒரு பக்கம் தள்ளப்பட்டு, எதிர்ப்பக்க நெஞ்சில் மூச்சொலி இல்லாமல், தட்டினால் வெற்றுப் பானை போல் அதிர்ந்து, இரத்த அழுத்தமும் சரிந்துகொண்டிருந்தால், நெஞ்சறைக்குள் காற்று அழுத்தமாக அடைபட்டிருக்கிறது. எக்ஸ்ரேக்கு அனுப்பிக் காத்திருக்கும் நிலை அது அல்ல, மருத்துவரை உடனே அழைத்து ஊசியையும் குழாய் செருகும் தட்டையும் தயாராக வைக்க வேண்டும். நெஞ்சைத் தட்டும்போது மந்தமாக ஒலித்தால் அங்கே நீரோ இறுகிய நுரையீரலோ இருக்கிறது.

ஸ்டெதஸ்கோப்பை 1816-இல் பிரெஞ்சு மருத்துவர் லேனெக் உருவாக்கியபோது அது சுருட்டிய காகிதக் குழாய்தான். கருவி எவ்வளவோ மாறிவிட்டது. சட்டைக்கு மேல் வைத்துக் கேட்கும் நம் தவறு மட்டும் மாறவில்லை. துணியை விலக்கி, கருவியின் தலையை உள்ளங்கையில் சற்றுச் சூடாக்கி, நோயாளியை உட்கார வைத்து, வாயைத் திறந்து மூச்சிழுக்கச் சொல்லி, மேலிருந்து கீழாக வலமும் இடமும் மாற்றி மாற்றி ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு முழு மூச்சைக் கேட்ட பிறகே நகர வேண்டும். முதுகின் அடிப்பகுதியைத் தவறவிடவே கூடாது. படுத்தே கிடப்பவருக்குக் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கேட்கும் ஒலிக்குப் பெயர் தெரியாவிட்டால் அது எப்படி ஒலித்தது என்று எழுதலாம். காதருகே தலைமுடியை விரலால் தேய்த்தால் வரும் சன்னமான ஒலி, உள்மூச்சின் முடிவில் கேட்டால், அது கிராக்கிள்ஸ். நீர்க்கோப்பிலும் நிமோனியாவிலும் வரும். விசில் போல வெளிமூச்சில் இழுபடுவது வீசிங். குறட்டை போன்ற கரகரப்பு, இருமியதும் மாறினால் பெரிய குழாய்களில் கோழை. இரு தோல் துண்டுகளை உரசினாற்போன்ற ஒலி நுரையீரல் உறையின் அழற்சி. உள்மூச்சில் தொண்டையிலிருந்து சத்தமாக, கருவி இல்லாமலே கேட்கும் ஸ்ட்ரைடர், மேல் மூச்சுப்பாதை அடைபடுகிறது என்பதன் அறிவிப்பு; அதைக் கேட்டவுடன் வேறு எந்த மதிப்பீட்டையும் நிறுத்திவிட்டு உதவிக்கு அழைக்க வேண்டும். ஆஸ்துமா நோயாளியின் வீசிங் திடீரென்று நின்று, நெஞ்சு முழுதும் அமைதியாகிவிட்டால், விசில் ஊதும் அளவுக்குக்கூடக் காற்று ஓடவில்லை என்றே பொருள்.

விரல் நுனிக் கருவி சொல்வதும் சொல்லாததும்

ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970-களில் வகுத்த கோட்பாட்டில் இயங்கும், விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் செவிலியருக்குப் பெரும் துணை. அதை நம்பியே இருப்பது பெரும் தவறு. இயல்பான அளவு 95 முதல் 100 சதவீதம். குளிர்ந்த கை, அடர்ந்த நகப்பூச்சு, நடுக்கம், குறைந்த இரத்த ஓட்டம் ஆகியவை எண்ணைப் பிழையாக்கும். கருமையான தோலில் கருவி உண்மையைவிடச் சற்று உயர்வாகக் காட்டக்கூடும் என்பது இன்று நன்கறியப்பட்டது. புகை சூழ்ந்த அறையிலிருந்து மீட்கப்பட்டவருக்கு, ஹீமோகுளோபினோடு சேர்ந்திருக்கும் கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜன் என்றே கருவி எண்ணிவிடுவதால், 99 காட்டும்போதே அவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அது கார்பன் டை ஆக்சைடைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. திரையில் ஓடும் நாடித்துடிப்பு எண்ணும் மணிக்கட்டில் எண்ணிய துடிப்பும் ஒத்துப்போனால்தான் சதவீதத்தை நம்பலாம்.

என் பணியின் தொடக்க ஆண்டுகளில் ஓர் இரவு, நிமோனியாவோடு இருந்த முதியவர் ஒருவர் மாஸ்க்கைப் பிடுங்குவதும், கட்டிலிலிருந்து இறங்க முயல்வதும், என்னைத் திட்டுவதுமாக இருந்தார். கருவி 93 காட்டியது. தூக்க மருந்து எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம் என்று நான் கிளம்பியபோது, மூத்த செவிலியர் என்னை நிறுத்தி, "ஐயா, ஒரு நிமிடம் கையைக் கொடுங்கள்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். 36. சார்ட்டில் என் கையெழுத்தில் இருந்தது 20. அமைதியின்மையும் குழப்பமும் ஆக்சிஜன் குறைவின் முதல் அறிகுறிகளாக இருக்கக்கூடும். அந்த நேரத்தில் தூக்க மருந்து கொடுப்பது, எஞ்சியிருக்கும் மூச்சையும் அமர்த்திவிடும் என்பதை அன்று நான் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை.

தமனி இரத்த வாயுப் பரிசோதனைதான் கார்பன் டை ஆக்சைடின் கதையைச் சொல்லும். இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.35 முதல் 7.45 வரை, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரை, பைகார்பனேட் லிட்டருக்கு 22 முதல் 26 மில்லிமோல் வரை இயல்பு. மாதிரி எடுக்கும்போது நோயாளிக்கு எவ்வளவு ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது என்பதைச் சீட்டில் எழுதாவிட்டால் முடிவுக்குப் பொருளே இருக்காது. சிரிஞ்சிலுள்ள காற்றுக் குமிழியை வெளியேற்றி உடனே அனுப்ப வேண்டும்; குத்திய இடத்தை ஐந்து நிமிடமாவது, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவராயின் அதற்கு மேலும், நாமே அழுத்திப் பிடிக்க வேண்டும். கடும் ஆஸ்துமாவில் கார்பன் டை ஆக்சைடு "இயல்பாக" இருப்பது நல்ல செய்தியல்ல. வேகமாக மூச்சு விடுபவருக்கு அது குறைந்திருக்க வேண்டும், குறையவில்லையென்றால் அவர் களைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆக்சிஜன் கொடுத்தல்

ஆக்சிஜன் ஒரு மருந்து. எந்தக் கருவி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், இரத்தத்தில் எந்த ஆக்சிஜன் செறிவை இலக்காக வைத்து என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான நோயாளிகளுக்கு இலக்கு 94 முதல் 98 சதவீதம். கார்பன் டை ஆக்சைடு தேங்கும் அபாயமுள்ள சி.ஓ.பி.டி நோயாளிகளுக்கு 88 முதல் 92. இவர்களுக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால், காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளுக்கும் இரத்தம் திரும்பிப் பாய்ந்து கார்பன் டை ஆக்சைடு ஏறும். காலையில் தலைவலி, வெதுவெதுப்பான கைகள், நீட்டிய கை படபடவென்று அடித்துக்கொள்வது, தூக்கக் கலக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். ஆனால் இந்த அச்சத்தால், கண்ணெதிரே ஆக்சிஜன் குறைந்து துடிப்பவருக்கு அதை மறுப்பது அதைவிடப் பெரிய பிழை. கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டு அருகிலேயே நின்று பார்க்க வேண்டும்.

மூக்குக் குழாயில் 1 முதல் 6 லிட்டர் வரை கொடுக்கலாம். இழுக்கும் காற்றில் லிட்டருக்குச் சுமார் 4 சதவீதம் கூடி, 24 முதல் 44 சதவீதம் வரை ஆக்சிஜன் கிடைக்கும். சாதாரண மாஸ்க்கில் 5 லிட்டருக்குக் கீழே வைக்கவே கூடாது. வைத்தால் தான் விட்ட மூச்சையே நோயாளி மீண்டும் இழுப்பார். இழுக்கும் காற்றில் ஆக்சிஜனைக் குறிப்பிட்ட சதவீதத்தில் மாறாமல் கொடுக்க வேண்டுமென்றால் வென்சுரி மாஸ்க். வால்வின் மேல் எழுதியிருக்கும் லிட்டர் அளவையே வைக்க வேண்டும், அதன் பக்கவாட்டுத் துளைகளைப் போர்வை மூடிவிடக் கூடாது. விட்ட மூச்சை மீண்டும் இழுக்க விடாத, பை வைத்த நான்-ரீபிரீதர் மாஸ்க்கை மாட்டும் முன் பையை நிரப்பிக்கொண்டு, 10 முதல் 15 லிட்டர் வரை வைக்க வேண்டும். உள்ளிழுக்கும்போது பை முழுதும் ஒட்டிப்போனால் ஓட்டம் போதவில்லை. காதின் பின்புறமும் மூக்குத் தண்டிலும் பட்டை அழுத்தும் இடங்களை ஒவ்வொரு டியூட்டியிலும் பார்க்க வேண்டும். மூக்கு வறண்டால் எண்ணெய் சார்ந்த களிம்பைத் தடவாமல் நீர் சார்ந்த ஜெல் தடவ வேண்டும். ஆக்சிஜன் உள்ள இடத்தில் எண்ணெய்ப் பசையும் தீயும் ஆகா. நோயாளியை எக்ஸ்ரேக்கு அழைத்துச் செல்லும் முன் சிலிண்டரில் எவ்வளவு நேரத்துக்கு வாயு இருக்கிறது என்று கணக்கிடுங்கள்: 1,500 லிட்டர் இருந்து நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 150 நிமிடம், லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரமும் அதில் அடங்கும்.

நிலை, கோழை, உறிஞ்சல்

காசு செலவில்லாமல், மருத்துவரின் உத்தரவுக்கும் காத்திராமல் செவிலியர் செய்யக்கூடிய முதல் சிகிச்சை தலைமாட்டை உயர்த்துவது. 45 முதல் 60 பாகை வரை உயர்த்தினால் வயிற்று உறுப்புகள் கீழிறங்கி உதரவிதானம் அசைய இடம் கிடைக்கும். நோயாளி கீழே சறுக்கி, இடுப்புக்குப் பதிலாக நெஞ்சு மடிந்து கிடந்தால், உயர்த்தியதால் கெடுதலே. மேலே தூக்கி உட்கார வைத்து, முழங்காலின் கீழ் சிறு தலையணை கொடுக்க வேண்டும். ஒரு பக்க நுரையீரலில் மட்டும் நிமோனியா உள்ள பெரியவரை, நல்ல பக்கம் கீழே வருமாறு ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பெரும்பாலும் செறிவு கூடும், ஏனெனில் இரத்தம் கீழ்ப்பக்கம் அதிகம் பாய்கிறது. இருமும்போது இரத்தம் வருபவருக்கு இது நேர்மாறு: இரத்தம் நல்ல நுரையீரலுக்குள் வழியாமலிருக்கப் பாதித்த பக்கமே கீழே இருக்க வேண்டும்.

சி.ஓ.பி.டி நோயாளிக்கு உதடு குவித்து மூச்சு விடக் கற்றுக்கொடுப்பது, பதற்றத்தில் இருக்கும்போது வேலை செய்யாது. நல்ல நேரத்தில் பழக்கி வைக்க வேண்டும். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை அசைக்கும் அளவுக்கு உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும் வரை விட வேண்டும். அறுவைக்குப் பின் கோழையை வெளியேற்ற, காயத்தின்மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்ல வேண்டும். வலி மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்துச் சொன்னால்தான் இருமுவார். இதயமும் சிறுநீரகமும் அனுமதித்தால் போதிய தண்ணீர் குடிக்கச் செய்வதே கோழையை இளக்க நல்ல வழி.

குழாய் வழியாகக் கோழையை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் செய்வது கால அட்டவணைப்படி செய்யும் வேலை அல்ல; கோழை இருக்கிறது என்று கேட்டோ பார்த்தோ உறுதி செய்த பிறகே செய்ய வேண்டும். முன்னதாக அரை நிமிடமேனும் முழு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். உறிஞ்சுகுழாயின் பருமன், நோயாளிக்குப் பொருத்தியிருக்கும் செயற்கை மூச்சுக்குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. பெரியவருக்கு அழுத்தம் 80 முதல் 120 மில்லிமீட்டர் பாதரசம். உள்ளே செலுத்தும்போது உறிஞ்சக் கூடாது. வெளியே இழுக்கும்போது மட்டும், 10 முதல் 15 விநாடிக்குள் முடிக்க வேண்டும். நானே மூச்சை அடக்கிக்கொண்டு செய்வேன். எனக்கு மூச்சு முட்டும்போது நோயாளிக்கு எப்போதோ முட்டியிருக்கும். நாடி குறைந்தாலோ செறிவு சரிந்தாலோ உடனே நிறுத்தி ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். டிரக்கியாஸ்டமி, அதாவது கழுத்தில் துளையிட்டுப் பொருத்திய மூச்சுக்குழாய், உள்ளவரின் தலைமாட்டில் அதே அளவுக் குழாய் ஒன்றும், ஓர் அளவு சிறியது ஒன்றும், துளையை விரிக்கும் விரிப்பானும் எப்போதும் இருக்க வேண்டும். கீழ்த்தளத்துக் கிடங்கில் இருப்பது இருப்பதாகாது.

நெஞ்சுக் குழாயைப் பார்த்தல்

ஐ.சி.டி எனப்படும் நெஞ்சுக் குழாய் போட்ட நோயாளியிடம் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் குழாய் சென்று சேரும் நீர் பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கும் கண்ணாடிக் குழாயின் நீர்மட்டம். தானாக மூச்சு விடுபவர் உள்ளிழுக்கும்போது அது மேலேறும், விடும்போது இறங்கும். இந்த ஊசலாட்டம் நின்றுவிட்டால் ஒன்று நுரையீரல் முழுதும் விரிந்துவிட்டது, அல்லது குழாய் எங்கோ மடிந்தோ அடைத்தோ இருக்கிறது. முதலாவது என்று முடிவு செய்யும் முன், படுக்கையின் கம்பியிலிருந்து நோயாளியின் முதுகு வரை குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். பல முறை அவரே அதன்மேல் படுத்திருப்பார். இருமும்போது குமிழி வருவது காற்று வெளியேறுவதைக் காட்டும். நிற்காமல் கொப்பளித்தால் இணைப்பில் கசிவு இருக்கலாம்.

பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே, குழாயின் நுனி நீருக்குள் சுமார் 2 சென்டிமீட்டர் மூழ்கியபடி இருக்க வேண்டும். நோயாளியை நகர்த்தும்போது "பாதுகாப்புக்காக" குழாயை இறுக்கி மூடும் கிளாம்ப் போடும் வழக்கம் ஆபத்தானது. காற்று கசியும் நுரையீரல் உள்ளவருக்குச் சில நிமிடங்களிலேயே நெஞ்சறையில் அழுத்தம் ஏறிவிடும். பாட்டில் உடைந்தால் குழாயின் நுனியைத் தூய நீர் உள்ள வேறு பாட்டிலில் மூழ்க வைக்க வேண்டும். குழாயே வெளியே வந்துவிட்டால் கையுறையோடு துளையை மூடி, கட்டுத்துணியை மூன்று பக்கம் மட்டும் ஒட்டி, மருத்துவரை அழைக்க வேண்டும். தேங்கிய நீரை வெளியேற்றும்போது ஒரே மூச்சில் முழுவதையும் விட்டுவிடாமல், 1 முதல் 1.5 லிட்டருக்குள் நிறுத்தி மருத்துவரைக் கேட்க வேண்டும். நோயாளி இருமத் தொடங்கினாலோ நெஞ்சு இறுகுகிறது என்றாலோ அதற்கு முன்பே நிறுத்த வேண்டும்.

இழுப்பு மருந்தும் வீடு திரும்புதலும்

இன்ஹேலரைப் பற்றி "தெரியும்" என்று சொல்லும் நோயாளியிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். அழுத்தும் வகையைக் குலுக்கி, மூச்சை முழுதும் வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து விநாடி மூச்சை அடக்கி, அடுத்த முறைக்கு அரை நிமிடமேனும் காத்திருக்க வேண்டும். பொடி வகையை இதற்கு மாறாக வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். இரண்டும் வைத்திருப்பவர் இரண்டையும் ஒரே விதமாக இழுப்பதுதான் வழக்கம். அழுத்தும் வகை இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் ஸ்பேசர் இருந்தால் பாதிப் பிழைகள் தாமே மறையும். ஸ்டீராய்டு மருந்துக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் வெண்படலம் படியும். மருந்தை நுண்துளிகளாக்கித் தரும் நெபுலைசரைச் சி.ஓ.பி.டி நோயாளிக்கு ஆக்சிஜனில் ஓட்டாமல் காற்றில் ஓட்டுவதே நல்லது; அப்போது ஆக்சிஜன் தேவைப்பட்டால் மூக்குக் குழாயில் தனியாகக் கொடுக்கலாம்.

சாப்பிடுவதே இவர்களுக்கு உழைப்பு. சிறிது சிறிதாக, பல வேளையாக, மாஸ்க்கைக் கழற்றும் நேரத்தில் மூக்குக் குழாய்க்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். குளியல், பிசியோதெரபி, கட்டு மாற்றுதல் ஆகியவற்றை ஒரே மணி நேரத்தில் திணித்துவிடக் கூடாது.

மருத்துவரை அழைக்கும்போது "நோயாளிக்கு மூச்சுத்திணறல்" என்பதோடு நிறுத்தினால் மறுமுனையில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. "நிமோனியா நோயாளி, 10 மணிக்கு மூச்சு 22, 12 மணிக்கு 26, இப்போது 32, நான்கு லிட்டரில் செறிவு 94-இலிருந்து 90-க்கு வந்துவிட்டது, ஒரே மூச்சில் இரண்டு சொல்தான் பேசுகிறார், வலது அடிப்பகுதியில் மூச்சொலி இல்லை, நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று சொன்னால் அவர் வருவார். எண்ணியிருந்தால்தான் இப்படிச் சொல்ல முடியும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், எப்போது திரும்பி வர வேண்டும் என்பதை நோயாளியின் சொற்களிலேயே எழுதிக் கொடுங்கள்: வழக்கமாக நடக்கும் தூரத்தில் பாதியிலேயே இளைப்பது, கோழை நிறம் மாறி அளவு கூடுவது, உதடு நீலமாவது, தூக்கக் கலக்கம், வீட்டு இன்ஹேலர் முன்புபோல் கேட்காதது. பிறகு அவரை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, மணிக்கட்டைப் பிடித்து, கடைசியாக ஒருமுறை முழு நிமிடம் எண்ணி, அந்த எண்ணையும் செறிவையும் டிஸ்சார்ஜ் சீட்டின் மேற்பகுதியில் எழுதிவிடுங்கள். அடுத்த முறை நள்ளிரவில் அவர் வந்து சேரும்போது, அங்கிருக்கும் செவிலியர் தான் எண்ணியதை ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் தேவைப்படும்.